சேமிப்பக மேலாண்மைத் தரநிலைகள்: பல நிறுவனக் கருவிகளுக்கு ஒரு பொது மொழி உருவான வரலாறு

கணினித் தரவுகளைச் சேமித்து வைக்கும் கருவிகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், அதை ஒரே மென்பொருளின் வழியாகக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் இடமளிக்கும் பொது விதிகளே சேமிப்பக மேலாண்மைத் தரநிலைகள் எனப்படுகின்றன. இவற்றுள் முதன்மையானது எஸ்.எம்.ஐ-எஸ் என்னும் சேமிப்பக மேலாண்மை முன்முயற்சி விவரக்குறிப்பு. இதன் முதல் பதிப்பு 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் வழியில் வந்த ஸ்வோர்ட்ஃபிஷ் என்னும் தரநிலை 2016 இல் வெளியிடப்பட்டது.

வட்டைக் கணினியோடு இணைக்கும் கம்பிக்கும் அதில் செல்லும் கட்டளைகளுக்கும் 1986 ஆம் ஆண்டிலேயே பொதுத் தரநிலை கிடைத்துவிட்டது. அந்த வட்டுகளை நிர்வகிக்கும் மொழிக்கு ஒரு தரநிலை வர மேலும் 17 ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்குத் தொழில்நுட்பச் சிக்கல்கள் ஒரு காரணம். வாடிக்கையாளரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள நிறுவனங்கள் காட்டிய அக்கறை மற்றொரு காரணம். இவ்விரண்டும் சேர்ந்ததே இந்த வரலாறு.

கணினிக்குள் அடங்கியிருந்த சேமிப்பகம்

ஐபிஎம் நிறுவனம் 1956 செப்டம்பரில் ராமாக் என்னும் கணினியை அறிமுகப்படுத்தியது. அதனுடன் வந்த 350 என்னும் வட்டு அலகே விற்பனைக்கு வந்த முதல் வன்வட்டு. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. மொத்தமாக 50 லட்சம் எழுத்துகளை அதில் சேமிக்க முடிந்தது. கணினியும் வட்டும் ஒரே நிறுவனத்தின் படைப்புகள். பழுது பார்க்க வருபவரும் அதே நிறுவனத்தின் ஊழியர். ஆகவே ‘வேறு நிறுவனத்தின் வட்டை எப்படி நிர்வகிப்பது’ என்ற கேள்வியே அன்று எழவில்லை.

1960களின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. மெமோரெக்ஸ், டெலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஐபிஎம் கணினியில் அப்படியே பொருத்திப் பயன்படுத்தத்தக்க வட்டு, நாடாக் கருவிகளைக் குறைந்த விலையில் விற்றன. போட்டியை முறியடிக்க ஐபிஎம் தகாத வழிகளைக் கையாண்டதாகக் கூறி டெலெக்ஸ் வழக்குத் தொடுத்தது. 1973 இல் கீழ் நீதிமன்றம் டெலெக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1975 இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. சட்டத்தில் எவர் வென்றாலும், கணினிக்கும் வட்டுக்கும் இடையிலுள்ள இணைப்பை யார் வரையறுக்கிறாரோ அவர் கையில்தான் சந்தை இருக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று.

சிறிய கணினிகளின் உலகில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. சுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் தன் வட்டுகளுக்காக உருவாக்கிய இடைமுகம் படிப்படியாக வளர்ந்து, ஸ்கஸி என்ற பெயரில் 1986 இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை ஆனது. அதன்படி ‘இந்த இடத்திலிருந்து படி’, ‘இந்த இடத்தில் எழுது’ என்ற கட்டளைகள் எல்லா நிறுவன வட்டுகளுக்கும் பொதுவாயின. ‘நீ யார்?’ என்று கேட்கவும் ஒரு கட்டளை இருந்தது. அதற்கு வட்டு தன் தயாரிப்பாளர் பெயரையும் மாதிரிப் பெயரையும் விடையாகத் தரும். அன்றைய தேவைக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

சேமிப்பகம் தனியே பிரிந்த காலம்

1988 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ரெய்டு என்னும் கருத்தை விளக்கும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். விலை மலிந்த சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்று பழுதானாலும் தரவு அழியாதபடி அமைக்கலாம் என்பதே அதன் சாரம். இதன்பின் பல வட்டுகளையும், அவற்றை ஆளும் தனிக் கணினியையும் ஒரே பேழையில் கொண்ட வட்டுத்தொகுதிகள் பரவின.

1994 இல் ஃபைபர் சேனல் என்னும் இணைப்பு முறை தரநிலையாக ஏற்கப்பட்டது. ஒரு வட்டுத்தொகுதியைப் பல சேவையகங்கள் சுவிட்சுகளின் வழியாகப் பகிர்ந்துகொள்ள இது வழிசெய்தது. சான் எனப்படும் சேமிப்பக வலையமைப்பு இவ்வாறு பிறந்தது. சேமிப்பகம் கணினியின் உள்ளுறுப்பாக இருந்த காலம் முடிந்து, பல கணினிகளுக்குப் பொதுவான களஞ்சியமாக மாறியது.

களஞ்சியம் பொதுவானதும் அதற்குக் காவலும் கணக்கும் தேவைப்பட்டன. ஒரு சேவையகத்துக்குப் புதிதாக 100 ஜிகாபைட் இடம் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகி செய்ய வேண்டியவை இவை:

1. வட்டுத்தொகுதியில் அந்த அளவுக்கு ஒரு தருக்க வட்டை உருவாக்க வேண்டும். இதை லன் என்பர்.
2. அந்த லன் குறிப்பிட்ட சேவையகத்துக்கு மட்டும் தெரியும்படியும் மற்றவற்றுக்கு மறைந்திருக்கும்படியும் செய்ய வேண்டும்.
3. சுவிட்சில் அந்தச் சேவையகமும் வட்டுத்தொகுதியும் மட்டும் ஒன்றையொன்று காணும்படி ஒரு மண்டலம் அமைக்க வேண்டும்.
4. சேவையகத்தில் புதிய வட்டைக் கண்டறியச் செய்து, அதில் கோப்பு முறைமையை உருவாக்க வேண்டும்.

இந்த நான்கு படிகளிலும் கருவிகளை அடையாளம் காட்டுவது 16 இலக்கப் பதின்அறும எண். அதில் ஓர் இலக்கம் மாறினால் லன் வேறு சேவையகத்துக்குப் போய்விடும். ஒன்றையொன்று அறியாத இரண்டு சேவையகங்கள் ஒரே லன்னில் எழுதினால் கோப்பு முறைமை சிதைந்து, இருவர் தரவும் கெடும்.

சாவிக்கொத்துச் சிக்கல்

மேலே சொன்ன படிகளில் எதற்குமே நிறுவனங்களுக்கிடையே பொதுவான, நடைமுறையில் பரவிய கட்டளைகள் 1990களில் இல்லை. ஸ்கஸியின் படி, எழுது கட்டளைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் லன்னை உருவாக்குவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மென்பொருளையும், தனிக் கட்டளைகளையும், தனிச் சொற்களையும் வைத்திருந்தது. ஒரே செயலுக்கு ஒரு நிறுவனம் ஒரு பெயர் சொன்னால் மற்றொன்று வேறு பெயர் சொன்னது. மூன்று நிறுவனங்களின் வட்டுத்தொகுதிகளும் இரண்டு நிறுவனங்களின் சுவிட்சுகளும் உள்ள ஒரு தரவு மையத்தில் ஐந்து மேலாண்மைத் திரைகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி என்று கொத்துச் சாவியைச் சுமந்து திரியும் காவலாளியின் நிலையே நிர்வாகிக்கு.

எல்லா நிறுவனக் கருவிகளையும் ஆளும் பொது மென்பொருளை எழுத முயன்றவர்களின் நிலை இன்னும் கடினம். எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 10 மேலாண்மை மென்பொருள்களும் 20 வகைக் கருவிகளும் இருந்தால், ஒவ்வொரு மென்பொருளையும் ஒவ்வொரு கருவியோடும் பொருத்த 200 இணைப்பு நிரல்கள் எழுத வேண்டும். நடுவில் ஒரு பொது மொழி இருந்தால் ஒவ்வொருவரும் அம்மொழியைக் கற்றால் போதும். 30 நிரல்களில் வேலை முடிந்துவிடும்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் நிறுவனங்கள் தயங்கின. வட்டுகளின் விலை ஆண்டுதோறும் வீழ்ந்துகொண்டிருந்தது. இலாபமும் வாடிக்கையாளர் மீதான பிடியும் மேலாண்மை மென்பொருளில்தான் இருந்தன. ஒரு நிறுவனத்தின் கட்டளைகளில் பழகிய நிர்வாகிகளையும், அதற்கென எழுதப்பட்ட நிரல்களையும் வைத்திருக்கும் வாடிக்கையாளர் எளிதில் வேறு நிறுவனத்துக்கு மாறமாட்டார். அவரைக் கட்டிப்போடும் கயிற்றைத் தாமே அவிழ்த்துவிட எந்த நிறுவனம் முன்வரும்?

தொடக்க முயற்சிகள்

வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்க 1988 இல் எஸ்.என்.எம்.பி என்னும் எளிய நெறிமுறை வந்திருந்தது. விசிறி நின்றுவிட்டதா, வெப்பம் கூடிவிட்டதா என்று கேட்டறிய அது நன்கு உதவியது. ஆனால் அதன் தொடக்கப் பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற குறிச்சொல் மறையாக்கம் இன்றியே அனுப்பப்பட்டதால், லன் உருவாக்குவது, அழிப்பது போன்ற பெரும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்க எவரும் துணியவில்லை.

1992 இல் தொடங்கப்பட்ட டி.எம்.டி.எஃப் என்னும் தொழில்துறை அமைப்பு, கணினிக் கருவிகள் அனைத்தையும் விவரிக்க சி.ஐ.எம் என்னும் பொதுத் தகவல் மாதிரியை உருவாக்கியது. கருவி என்பது என்ன, அதன் பண்புகள் எவை, அதற்கும் மற்றொரு கருவிக்கும் உள்ள உறவு என்ன என்பவற்றை இம்மாதிரி வரையறுத்தது. இதனோடு சேர்ந்து செல்ல 1996 இல் பி.எம்.சி, சிஸ்கோ, காம்பேக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் வெபெம் என்னும் முயற்சியைத் தொடங்கின. இணையப் பக்கங்களைக் கொண்டுசெல்லும் அதே எச்.டி.டி.பி வழியில் மேலாண்மைச் செய்திகளையும் எக்ஸ்.எம்.எல் வடிவில் அனுப்பலாம் என்பது அதன் வழிமுறை.

1997 இல் சேமிப்பக நிறுவனங்கள் கூடி ஸ்னியா எனப்படும் சேமிப்பக வலையமைப்புத் தொழில் சங்கத்தை அமைத்தன. சந்தையில் போட்டியிடுபவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பேச ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் அதற்கு வெளியே நிறுவனங்கள் தத்தம் வழியிலும் முயன்றன. சன் நிறுவனம் ஜாவா மொழியை அடிப்படையாகக் கொண்டு ஜிரோ என்னும் தளத்தை முன்வைத்தது. மற்ற நிறுவனங்கள் அதைப் பரவலாக ஏற்கவில்லை. ஈஎம்சி நிறுவனம் 2001 இல் வைட்ஸ்கை என்னும் இடைநிலை மென்பொருளை அறிவித்தது. பிற நிறுவனக் கருவிகளின் கட்டளைகளையும் அது மொழிபெயர்த்துத் தரும் என்று சொல்லப்பட்டது. போட்டியாளர் ஒருவரின் கையில் உள்ள மொழிபெயர்ப்பாளரை நம்பித் தம் கருவிகளின் உள்விவரங்களைத் தர மற்றவர்களுக்கு மனமில்லை. நிறுவனங்கள் இரண்டிரண்டாக ஒப்பந்தம் செய்துகொண்டு இடைமுக விவரங்களைப் பரிமாறிக்கொள்வதும் அக்காலத்தில் நடந்தது. பத்து நிறுவனங்கள் இவ்வாறு செய்தால் 45 ஒப்பந்தங்கள் வேண்டும். இது நெடுந்தூரம் செல்லும் வழியாக இருக்கவில்லை.

புளூஃபின் முதல் எஸ்.எம்.ஐ-எஸ் வரை

இந்நிலையில் சில நிறுவனங்கள் தமக்குள் குழுவாகக் கூடி, சி.ஐ.எம், வெபெம் ஆகியவற்றின் மீது ஒரு சேமிப்பக மேலாண்மை வரைவை எழுதின. நீலத்துடுப்புச் சூரை மீனின் ஆங்கிலப் பெயரான புளூஃபின் என்பதையே அதற்கு வைத்தனர். 2002 இல் இவ்வரைவு ஸ்னியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்னியா சேமிப்பக மேலாண்மை முன்முயற்சி என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. 2003 இல் எஸ்.எம்.ஐ-எஸ் 1.0 வெளிவந்தது. வைட்ஸ்கை திட்டத்தைக் கைவிட்ட ஈஎம்சியும் இந்தப் பொது வழிக்கே வந்தது.

நிறுவனங்களின் மனம் மாறியதன் பின்னணியில் வாடிக்கையாளர்களின் அழுத்தம் இருந்தது. 2000க்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் பெரிய நிறுவனங்கள் தகவல் தொழில்நுட்பச் செலவைக் குறைக்க முனைந்தன. சேமிப்பகத்தை வாங்குவதைவிட அதைப் பராமரிப்பது அதிகச் செலவு பிடிக்கிறது என்ற குறை ஓங்கி ஒலித்தது.

எவ்வாறு இயங்குகிறது?

எஸ்.எம்.ஐ-எஸ் தரநிலையை நான்கு கூறுகளாகப் புரிந்துகொள்ளலாம்.

சுயவிவரம்: வட்டுத்தொகுதி, சுவிட்ச், நாடா நூலகம் என ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரு சுயவிவரம் உண்டு. அவ்வகைக் கருவி எவற்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், எக்கட்டளைகளை ஏற்க வேண்டும் என்பதை அது பட்டியலிடும்.

வழங்குநர்: பொது மொழியில் வரும் கட்டளையைக் கருவியின் சொந்த மொழிக்கு மாற்றித் தரும் நிரல் இது. சில கருவிகளில் இது உள்ளேயே இருக்கும். வேறு சில கருவிகளுக்கு இதைத் தனிச் சேவையகத்தில் நிறுவ வேண்டும்.

கண்டறிதல்: வலையமைப்பில் எந்த வழங்குநர்கள் உள்ளன என்பதை மேலாண்மை மென்பொருள் தானாகத் தேடிக் கண்டுபிடிக்க எஸ்.எல்.பி என்னும் நெறிமுறை பயன்படுகிறது.

அறிவிப்பு: வட்டு பழுதாவது, லன் உருவாவது போன்ற மாற்றங்களைக் கருவி தானே முன்வந்து தெரிவிக்கும். மென்பொருள் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எழுத்தில் உள்ள தரநிலையை இரு நிறுவனங்கள் இருவிதமாகப் புரிந்துகொள்வது இயல்பு. இதைக் களைய ஸ்னியா, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 2001 இல் தொடங்கப்பட்ட தன் தொழில்நுட்ப மையத்தைப் பயன்படுத்தியது. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் தத்தம் கருவிகளை அங்கு ஒரே வலையமைப்பில் இணைத்துச் சோதித்தனர். கருவி தரநிலைக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் இணக்கச் சோதனைத் திட்டமும் ஏற்பட்டது. எஸ்.எம்.ஐ-எஸ் 2004 இல் அமெரிக்கத் தேசியத் தரநிலையாகவும், 2007 இல் ஐ.எஸ்.ஓ/ஐ.இ.சி 24775 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

பயனும் குறையும்

எஸ்.எம்.ஐ-எஸ் வந்தபின் முன்னணி வட்டுத்தொகுதிகளுள் பெரும்பாலானவற்றுக்கு வழங்குநர்கள் கிடைத்தன. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர் 2012 இத்தரநிலையின் வழியாக வெளிச் சேமிப்பகங்களை நிர்வகிக்கும் வசதியோடு வந்தது. ஓப்பன்ஸ்டாக் என்னும் திறமூல மேகத் தளத்தின் சிண்டர் பகுதியிலும் எஸ்.எம்.ஐ-எஸ் வழியே வட்டுத்தொகுதியுடன் பேசும் இயக்கி இடம்பெற்றிருந்தது.

குறைகளும் வெளிப்பட்டன. முதலாவது, சி.ஐ.எம் மாதிரி மிக விரிவானது. ஒரு லன்னைப் பற்றி அறிய ஒன்றிலிருந்து ஒன்றாகப் பல பொருள்களின் உறவுகளைத் தொடர்ந்து செல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான லன்கள் உள்ள இடத்தில் எக்ஸ்.எம்.எல் செய்திகள் பருத்து, விடை வரத் தாமதமாயிற்று. இரண்டாவது, தனிச் சேவையகத்தில் ஓடும் வழங்குநரைப் பராமரிப்பதே ஒரு கூடுதல் வேலையானது.

மூன்றாவது குறை ஆழமானது. தரநிலை என்பது எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொதுக் குறைந்தபட்சம். ஒரு நிறுவனம் தன் கருவியைச் சிறப்பித்துச் சொல்லும் புதிய வசதி அந்தக் குறைந்தபட்சத்துக்கு வெளியேதான் இருக்கும். அவ்வசதியைப் பயன்படுத்த விரும்பும் நிர்வாகி மீண்டும் அந்நிறுவனத்தின் சொந்தத் திரைக்கே போக வேண்டும். சாவிக்கொத்தில் பொதுச் சாவி ஒன்று கூடியது. பழைய சாவிகளைத் தூக்கியெறிய முடியவில்லை.

மேகக் கணிமையும் வேறொரு வழியும்

அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்னும் இணையவழிச் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. எளிய இணையக் கட்டளைகளால் தரவை இடவும் எடுக்கவும் அது வழிசெய்தது. மேகச் சேமிப்பகத்துக்கும் பொதுத் தரநிலை வேண்டும் என்று கருதிய ஸ்னியா, 2010 இல் சி.டி.எம்.ஐ என்னும் இடைமுகத்தை வெளியிட்டது. 2012 இல் அது பன்னாட்டுத் தரநிலையும் ஆனது. ஆனால் நிரலாளர்கள் ஏற்கெனவே எஸ்3 கட்டளைகளில் பழகிவிட்டனர். பிற நிறுவனங்களும் திறமூலத் திட்டங்களும் எஸ்3க்கு இணக்கமான சேமிப்பகங்களையே உருவாக்கின. குழு கூடி எழுதிய தரநிலையைவிட, ஒரு நிறுவனத்தின் எளிய இடைமுகம் பரவலாக வழங்கிவிட்டது. அதை மாற்றும் உரிமை அந்த ஒரு நிறுவனத்திடமே இருக்கிறது என்பது இவ்வெற்றியின் மறுபக்கம்.

இதன் பாடம் வீண்போகவில்லை. டி.எம்.டி.எஃப் 2015 இல் சேவையக மேலாண்மைக்கு ரெட்ஃபிஷ் என்னும் தரநிலையை வெளியிட்டது. அதன் மீது சேமிப்பகத்துக்கான பகுதியைச் சேர்த்து 2016 இல் ஸ்னியா வெளியிட்டதே ஸ்வோர்ட்ஃபிஷ். சூரையில் தொடங்கிய மீன் பெயர் வாள்மீனில் வந்து நின்றது. கனத்த எக்ஸ்.எம்.எல்லுக்கு மாற்றாக, மனிதரும் படித்தறியத்தக்க ஜேசன் வடிவத்தையும், இணைய நிரலாளர் அனைவரும் அறிந்த ரெஸ்ட் முறையையும் இது பயன்படுத்துகிறது. எத்தனை வட்டு, எந்த ரெய்டு வகை என்ற விவரங்களை விடுத்து, தனக்குத் தேவையான சேவைத் தரத்தை மட்டும் குறிப்பிட்டு இடம் கேட்கும் வழியும் இதில் சேர்க்கப்பட்டது.

வரலாறு தரும் பாடம்

ஒரு வட்டுத்தொகுதி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதிலுள்ள நிலப் பதிவும், மருத்துவக் குறிப்பும், வங்கிக் கணக்கும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டும். ஆகவே தரவு ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு பேழையிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது. அடுத்த வீடு வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாமா என்பதை முடிவு செய்பவர் தரவின் உரிமையாளரா, பழைய பேழையை விற்றவரா? மேலாண்மைத் தரநிலைகளின் உண்மையான பொருள் இக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

எஸ்.எம்.ஐ-எஸ் இக்கேள்விக்கு முழு விடை தரவில்லை. ஆனால் லன் என்றால் என்ன, அதை உருவாக்குவது என்றால் என்ன என்பதற்குப் போட்டியாளர்கள் பலரும் ஏற்ற ஒரு பொது விளக்கத்தை முதன்முதலில் எழுதி வைத்தது அதுதான். பின்னால் வந்த தரநிலைகள் அந்த விளக்கத்தின் மீதே வளர்ந்தன. கருவி வாங்கும்போது கொள்ளளவையும் வேகத்தையும் விலையையும் கேட்பதோடு, ‘இதை வேறொருவரின் மென்பொருளால் நிர்வகிக்க முடியுமா?’ என்றும் கேட்க இவ்வரலாறு நமக்குக் கற்றுத்தருகிறது.